தேயிலைப் பெட்டியும் வெள்ளிக்கிழமைச் சேலையும்

பூவம்மாவுக்கு வலக்கை தோளுக்கு மேலே ஏறாது. கொண்டை போட்டுக்கொள்ளக்கூட முடியாது. விடிந்ததும் அவள் தலையை வாரி முடித்துவிடுவது நாத்தனார் வள்ளிநாயகிதான். அதுவும் சும்மா நடக்காது. ஒவ்வொரு சிக்குக்கும் ஒரு சொல் உண்டு.

"முடியா இது? தேங்காய் நாரு. அசையாம இரு."

"இழுக்காதீங்க மதினி, உயிர் போகுது."

"உயிர் அவ்வளவு சுலபமா போயிருமா? போறதா இருந்தா எனக்கு எப்பவோ போயிருக்கும். குனி."

பூவம்மா குனிவாள். முந்தின நாள் அரைத்த மிளகாயின் காந்தல் உள்ளங்கையில் இன்னும் இருக்கும். அந்தக் கையால் முகத்தைத் தொட முடியாது, அரிக்கிற மூக்கைப் புறங்கையால்தான் தேய்த்துக்கொள்வாள்.

தோள் அப்படி ஆனதற்கு அம்மிதான் காரணம். ஜப்பான்காரன் சண்டைக்கு முந்தியே ஊரிலிருந்து கப்பலேறி வந்து, வடிவேலுவுக்கு வாழ்க்கைப்பட்டவள் பூவம்மா. வடிவேலு முனிசிபல் ரோட்டு வேலையில் தார் கொட்டுகிறவர். வாய் திறந்து பேசினால் அன்றைக்கு மழை வரும் என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள். ஜப்பான்காரன் போன பிறகு, அவர் சம்பாத்தியம் மட்டும் போதாது என்று பூவம்மா தேக்கா மார்க்கெட்டின் ஓரத்தில் அம்மியைப் போட்டு உட்கார்ந்தாள். மிளகாய் ஒரு குவியல், மல்லி ஒரு குவியல், மஞ்சள், சீரகம், இஞ்சி என்று அரைத்து அரைத்து உருட்டி வைப்பாள். வருகிறவர்கள் மீனா கோழியா என்று சொன்னால் போதும். ஒவ்வொன்றிலும் கிள்ளிச் சேர்த்து வாழையிலையில் மடித்துக் கொடுப்பாள். மலாய்க்காரிகள் வருவார்கள், சீனத்திகள் வருவார்கள், நம்மவர்களும் வருவார்கள். ஒரே மகளைக் குளுவாங்கில் கட்டிக் கொடுத்தது அந்த அம்மியில்தான். தோள் போனதும் அதே அம்மியில்தான்.

அரைக்காமல் இருக்க முடியுமா என்று அவள் யோசிக்க ஆரம்பித்தது, ரோட்டில் பஸ்காரர்கள் வேலைநிறுத்தமும் கலவரமுமாகக் கிடந்த அந்த வருஷத்தில். வழி காட்டியவர் மருதப்பன். மருதப்பன் அவளுக்கு உடன்பிறந்தவர் இல்லை, பெரியம்மா மகன். ஆனாலும் ஒரே கப்பலில் வந்தவர்கள். உடன்பிறந்தவர்களுக்கு மேலே. அவர் புக்கிட் பாஞ்சாங் பக்கம் ஒரு கம்பத்தில், கிராமத்து வீட்டில் கோழி வளர்த்துக்கொண்டிருந்தார். சேவலும் உண்டு, முட்டைக்குக் குறைவில்லை. அடைக்கு உட்காரும் கோழிகளைத்தான் உடும்பும் மரநாயும் தூக்கிக்கொண்டு போயின.

"குஞ்சு மட்டும் யாராவது பொரிச்சுக் கொடுத்தா போதும் பூவு. சுத்துவட்டாரத்துல எல்லா வீட்டுலயும் குஞ்சு கேக்கறான். நீ டவுன்ல இருக்க, உன் ரூம்ல கரண்டு இருக்கு. பெட்டியில வெச்சுப் பொரிக்கலாமாம்ல?" என்றார்.

பெட்டியைச் செய்து கொடுத்தவர் அப்துல் மஜீது, கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் பக்கத்தில் விசிறி, அயர்ன்பெட்டி எல்லாம் ரிப்பேர் செய்கிறவர். தேயிலை வந்த பலகைப் பெட்டி ஒன்று. உள்ளே சாக்கும் செய்தித்தாளும் ஒட்டினார். ஒரு பல்பு. சூடு ஏறினால் உப்பிக்கொண்டு பல்பை அணைத்துவிடும் பித்தளை வில்லை ஒன்றைச் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்தார். கம்பி வலைமேல் முட்டை, அதற்குக் கீழே தண்ணீர்த் தட்டு, மேல்மூடியில் வரிசையாக நாலைந்து துளை.

"துளை எதுக்கு பாய்? சூடு போயிராது?" என்று பூவம்மா கேட்டாள்.

"உள்ள இருக்கறதும் உசுருதானேம்மா. மூச்சு விட வேணாமா?" என்றார் மஜீது. அவள் சரி என்று தலையாட்டினாள். அதோடு மறந்தும் போனாள்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதுதான் முதல் சண்டை. பஃபலோ ரோட்டு மாடியில் பலகைத் தட்டி வைத்துப் பிரித்த அறைகளில் ஒன்று அவர்களுடையது. மூன்று பேர் படுத்தால் நாலாவது ஆள் நிற்கத்தான் இடம். மின்சாரக் கம்பி ஒரே ஒரு சுவரில்தான் இறங்கியிருந்தது. அந்தச் சுவரில்தான் வள்ளிநாயகியின் சாமி படங்கள் இருந்தன.

வள்ளிநாயகியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. வடிவேலுவுக்கு அக்காள். ஜொகூரில் ரப்பர்த் தோட்டத்துப் பால்மரக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள். இரண்டு பிள்ளை பெற்றாள். முதலாவது அழவே இல்லை. இரண்டாவது தொட்டிலில் போடும் நாளைக் காணவில்லை. புருஷனை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடக் கூட்டிக்கொண்டு போனான், திரும்பவில்லை. ஒரு தகரப்பெட்டியும் கண்ணாடி விரிந்த முருகன் படமும்தான் அவள் தம்பி வீட்டுக்குக் கொண்டு வந்த சொத்து. வெள்ளிக்கிழமை என்றால் காலையில் குளித்து, மாற்றுச் சேலையைத் துவைத்து, அதை வேறு யாரும் தொடாதபடி கொடியின் கோடியில் உலர்த்துவாள். அந்தியில் விளக்கேற்றுவாள். அது வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது.

"சாமிக்குக் கீழே முட்டையா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா கவிச்சியை வெச்சுக்கிட்டு நான் எப்படி விளக்கேத்துவேன்?"

"கம்பி அங்கதான் மதினி இருக்கு. நான் என்ன செய்ய?"

வடிவேலு அன்றைக்கு வாயைத் திறந்தார். "வெள்ளிக்கிழமை மூடிக்கோக்கா" என்றார். அவ்வளவுதான். அது தீர்ப்பாகிவிட்டது. வெள்ளிக்கிழமை அந்தியில் விளக்கேற்றுமுன், வள்ளிநாயகி துவைத்த சேலையைச் சுத்தத்துக்காக மறுபடி நனைத்து, ஈரம் சொட்டாமல் பிழிந்து, நாலாக மடித்து பெட்டியின் தலை முதல் கால் வரை போர்த்திவிடுவாள். கும்பிட்டு முடிந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் பிறகு அந்தச் சேலையைத் தொடமாட்டாள், எச்சில்பட்ட கை. மறுநாள் குளித்துவிட்டு வந்துதான் எடுப்பாள். வேறு யாரும் எடுக்கவும் கூடாது.

முட்டை வைப்பதற்கும் வெள்ளிக்கிழமையைத்தான் பூவம்மா பார்த்தாள். நல்ல காரியம் வெள்ளியில் தொடங்குவதுதானே வழக்கம். இன்னொன்றும் உண்டு. வெள்ளிக்கிழமை நம் சனங்கள் கறி மீன் எடுப்பதில்லை, மசாலாவும் அதிகம் போகாது. மத்தியானத்தோடு அம்மியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். மருதப்பன் பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வருவார். அவள் முட்டைகளை அடுக்கிவிட்டு, பல்பு எரிவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

முதல் முறை முட்டைகளைக் கத்தரிக்காய் கழுவுவதுபோல் கழுவி வைத்தாள். எச்சமும் வைக்கோலும் ஒட்டியிருந்ததை அப்படியே சாமிக்குக் கீழே வைக்க மனம் ஒப்பவில்லை. ஒரு வாரத்தில் நாற்றம் மாடிப்படி வரைக்கும் போயிற்று. கழுவினால் ஓட்டின்மேல் இருக்கிற பூச்சுப் போய், அழுக்கு உள்ளே இறங்கிவிடும் என்று பிறகுதான் மருதப்பன் யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்து சொன்னார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல அண்ணே?"

"நீ முட்டையைக் குளிப்பாட்டுவன்னு நான் கண்டேனா?"

இரண்டாம் முறை வீட்டை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து அறை அறையாக வாடகைக்கு விட்டிருந்தவன், பகலில் யார் விளக்கெரிப்பது என்று கத்திக்கொண்டே மெயினை அமர்த்திவிட்டுப் போய்விட்டான். பூவம்மா மார்க்கெட்டிலிருந்து வந்து பெட்டியில் கையை விட்டபோது முட்டைகள் குழாய்த் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடந்தன. சூடு இருக்கிறதா என்று ஒரு முட்டையை எடுத்துக் கண்ணிமையில் வைத்துப் பார்த்தாள். மிளகாய்க் கை. அன்றைக்கு அவள் அழுதது முட்டைக்கா எரிச்சலுக்கா என்று அவளுக்கே தெரியவில்லை. வள்ளிநாயகி தேங்காயெண்ணெயைத் துணியில் நனைத்துக் கண்ணில் ஒற்றிவிட்டாள். ஒற்றிவிட்டுக்கொண்டே, "கோழி செய்ய வேண்டிய வேலையைப் பொம்பளை செய்யக் கிளம்பினா இப்படித்தான் ஆகும்" என்றாள்.

மூன்றாம் முறை எல்லாம் சரியாக நடந்தது. முட்டையைக் கழுவவில்லை. குத்தகைக்காரனுக்கு ஒரு மீன்குழம்பு மசாலா இனாமாகப் போயிற்று, அவன் மெயின் பக்கம் திரும்பவில்லை. அம்மிக்குப் போகுமுன் ஒருதரம், வந்து ஒருதரம், படுக்கப் போகுமுன் ஒருதரம் முட்டைகளைத் திருப்பிவிட்டாள். தண்ணீர்த் தட்டு வற்றவிடவில்லை. மஜீது கொடுத்த டார்ச் விளக்கைச் சேலைத் தலைப்புக்குள் வைத்து முட்டையை வெளிச்சத்தில் பிடித்தபோது உள்ளே சிவப்பாய் வேர்விட்டிருந்தது தெரிந்தது. வடிவேலுவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "அசையுது" என்றார்.

மூன்றாவது வாரம் முடியும் வெள்ளிக்கிழமை, பூவம்மா மார்க்கெட்டுக்கே போகவில்லை. காலையிலேயே பெட்டிக்குள்ளிருந்து சத்தம். மத்தியானத்துக்குள் ஐந்தாறு குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வந்து மயிர் காய்ந்து நின்றன. அவற்றை எடுத்துக் கூடையில் விட்டாள். மற்ற முட்டைகளில் பெரும்பாலானவற்றில் விரிசல் விழுந்திருந்தது, இன்னும் வருகிறது என்று மனம் நிறைந்து போயிற்று. அந்தி வந்தது, வள்ளிநாயகி சேலையைப் போர்த்தி விளக்கேற்றினாள். சனிக்கிழமை காலையில் பெட்டியைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. விரிசல் விழுந்தது விழுந்தபடியே இருந்தது, அலகு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

நாலாம் முறைக்கும் அதே கதை. முதலில் வந்த கொஞ்சம் கூடையில் கத்திக்கொண்டிருந்தன. மற்றவையெல்லாம் ஓட்டுக்குள்ளேயே முழுக்குஞ்சாய்ச் செத்துக் கிடந்தன.

அந்தச் சனிக்கிழமை காலையில் மருதப்பனும் வந்திருந்தார். கூடையையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பூவு, உன்னைக் குறை சொல்லல. ஆனா இவ்வளவு முட்டையைப் பாழாக்க எனக்கும் கட்டாது. இன்னும் ஒரே ஒரு தடவை. அதுவும் இப்படின்னா நான் முட்டையைக் கடைக்கே போட்டுடறேன், நீ பாட்டுக்கு அம்மியைப் பாத்துக்கோ."

 அம்மியைப் பார்த்துக்கொள் என்று அவர் சொன்னது பூவம்மாவின் தோளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போதே சோற்றுப் பானையை இடக்கையால்தான் இறக்குகிறாள். இன்னும் ஒரு வருஷம் அரைத்தால் அந்தக் கை எதற்கும் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். முடியாமல் போனால் வேறு யார் அரைப்பார்கள்? வடிவேலுவுக்கும் தார்ப்புகையில் மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது.

மருதப்பன் படியிறங்கியதும் அவள் ஆத்திரம் முழுக்க நாத்தனார் பக்கம் திரும்பியது.

"எல்லாம் உங்க வாய்தான் மதினி. கோழி செய்ய வேண்டிய வேலை, கோழி செய்ய வேண்டிய வேலைன்னு சொல்லிச் சொல்லியே."

"என் வாய்க்கு அவ்வளவு சக்தி இருந்தா உன் கையை என்னைக்கோ சரியாக்கியிருப்பேன்" என்றாள் வள்ளிநாயகி. குளித்த ஈரத் தலையோடு, சற்று முன் பெட்டிமேலிருந்து எடுத்த சேலையை மடிப்புக் கலையாமல் கொடியில் போட்டாள்.

அப்போதுதான் பூவம்மா அதைப் பார்த்தாள். நாலாய் மடித்த சேலையின் உட்பக்கத்தில், மூடித் துளைகள் இருந்த இடத்தில், வட்டம் வட்டமாக நாலைந்து ஈரத் திட்டு. மற்ற இடமெல்லாம் காய்ந்திருந்தது, அங்கே மட்டும் நனைந்து கறுத்திருந்தது. பெட்டிக்குள்ளே இருந்து வந்த ஆவி போக வழியில்லாமல் துணியிலேயே தங்கியிருந்தது.

வள்ளிநாயகி அந்தப் பக்கம் திரும்பியதும் பூவம்மா செய்யக் கூடாததைச் செய்தாள். தீண்டக் கூடாத அந்தச் சேலையைத் தொட்டாள். மடிப்போடு முகத்தில் வைத்து மூச்சை இழுத்தாள். வரவில்லை. ஊதிப் பார்த்தாள். கன்னம்தான் உப்பியது.

உள்ள இருக்கறதும் உசுருதானேம்மா என்று மஜீது சொன்னது, இத்தனை மாதம் கழித்துக் காதில் விழுந்தது.

அந்திக்கு முன்னால் வந்தது எல்லாம் பிழைத்தது. விளக்கேற்றிய பிறகு ஒன்றுகூட வரவில்லை. முட்டையாக இருக்கிறவரைக்கும் ஒரு ராத்திரி மூடினால் தாங்கிக்கொள்கிறது. அதனால்தான் நடுவில் வந்த வெள்ளிக்கிழமைகளில் ஒன்றும் ஆகவில்லை. ஓட்டை உடைத்து முதல் மூச்சு இழுக்கிற நேரத்தில் மூடினால் எப்படித் தாங்கும்? வெள்ளிக்கிழமை வைத்தால் வெள்ளிக்கிழமைதான் பொரியும். நல்ல நாள் பார்த்து வைத்து, அதே நல்ல நாளில் மூடியிருக்கிறார்கள்.

இத்தனை நாளும் நாத்தனார்மேல் ஒரு குறை கண்டுபிடிக்க அவள் ஏங்கியது உண்டு. இப்போது கையில் கிடைத்துவிட்டது. "மதினி!" என்று கூப்பிட்டாள். குரல் அவளையறியாமல் ஓங்கியிருந்தது.

வள்ளிநாயகி பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். முட்டை சமாச்சாரத்தையே தொடாதவள், செத்த குஞ்சுகளை மட்டும் யாரையும் தொடவிடமாட்டாள். பின்சந்துச் சாக்கடையில் கொட்டிவிடலாம் என்று போனதரம் பூவம்மா சொன்னதற்கு அப்படிச் சண்டை போட்டாள். இப்போதும் ஒவ்வொன்றாக எடுத்துச் செய்தித்தாளில் வைத்து, ஓட்டில் ஒட்டிக்கொண்டிருந்த இறகை விரல் நுனியால் தடவி நேராக்கிக்கொண்டிருந்தாள். வாய்க்காலோரம் புதைத்துவிட்டு வந்து மறுபடியும் குளிப்பாள்.

"என்ன பூவு?"

பூவம்மா செய்தித்தாளில் கிடந்த குஞ்சுகளைப் பார்த்தாள்.

"சொல்லு. கூப்பிட்டியே."

"ஒண்ணுமில்ல."

"எல்லாம் முழுசா இருக்கு பாரு" என்றாள் வள்ளிநாயகி, திரும்பாமலே. "கண்ணு, மூக்கு, நகம் எல்லாம் வந்துட்டு. வெளிய வர வரைக்கும் வந்துட்டு அழாமலே போறது இருக்கே, அது பெரிய பாவம் பூவு. யாரு செஞ்ச பாவமோ."

பூவம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். யார் செய்தது என்று சொல்ல அவளுக்கு ஒரு வார்த்தை போதும். சொன்னால் இந்தப் பொம்பளை அதன் பிறகு விளக்கேற்றுவாளா? சாப்பிடுவாளா? அழாமல் போன முதல் பிள்ளைக்கும் தன் கையையே காரணமாக்கிக்கொள்வாள். அந்தப் பழியைச் சுமக்க ஆள் தேட வேண்டாம், தானாகவே வந்து எடுத்துக்கொள்கிற ஜாதி அவள். பூவம்மா கண்ணை மூடிக்கொண்டாள். சண்டை போடக்கூடத் தெம்பு வேண்டியிருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை மருதப்பன் கூடையோடு வந்தார். கடைசிக் கூடை. வள்ளிநாயகி கண்ணாடி விரிந்த படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

"அடுக்கு பூவு, நேரம் போகுது" என்றார் மருதப்பன்.

"இன்னைக்கு வேணாம் அண்ணே. திங்கக்கிழமை வெக்கறேன்."

"திங்கக்கிழமையா?"

"பஸ்ல குலுங்கிக் குலுங்கி வந்திருக்கு. ரெண்டு மூணு நாள் கூர்முனை கீழ இருக்கறாப்புல ஓய்வா இருக்கட்டும். அப்புறம் சூட்டுல வெச்சாத்தான் நிக்கும்."

அது பொய்யில்லை. அப்படி ஒரு முறை உண்டு என்று மார்க்கெட்டில் முட்டை விற்கிற சீனக் கிழவி அவளிடம் சொல்லியிருந்தாள். இத்தனை நாள் அதை அவள் பொருட்படுத்தாமல் இருந்தாள்.

"நாலு தடவை குலுங்காமலா வந்துச்சு?" என்றார் மருதப்பன்.

பூவோடு நின்ற வள்ளிநாயகி திரும்பினாள். "நல்லா இருக்குடி. வெள்ளிக்கிழமை, லச்சுமி வாசலுக்கு வர நாளு, கூடை வந்து நிக்குது. இதை ஒதுக்கிவெச்சுட்டுத் திங்கக்கிழமை வெப்பாளாம். விளங்குமா?"

"விளங்காட்டிப் போகுது மதினி. எனக்கு இன்னைக்கு முடியல."

"முட்டை அடுக்க முடியலையா? இது என்ன மூட்டையா தூக்கப் போற?"

"முடியலன்னா முடியல."

"சாமி நம்பிக்கை போச்சுன்னு சொல்லு. அம்மியும் மிளகாயும்தான் உனக்குச் சாமி."

பூவம்மா வாங்கிக்கொண்டாள். மருதப்பன் தலையில் அடித்துக்கொண்டு, "என்னமோ லா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என் முட்டைதான் சாகுது" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

திங்கக்கிழமை மார்க்கெட்டிலிருந்து வந்து, கையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, முட்டைகளை அடுக்கினாள். வள்ளிநாயகி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தலை வாரும்போதுகூடப் பேச்சு குறைந்துவிட்டது. திட்டும் இல்லை. திட்டு இல்லாமல் சிக்கெடுக்கப்படுவது பூவம்மாவுக்கு இன்னும் வலித்தது.

மூன்றாவது வெள்ளிக்கிழமைதான் அவளுக்குப் பயம். பொரிய இன்னும் இரண்டு மூன்று நாள் இருந்தது. சேலை வந்து பெட்டிமேல் விழுந்தது. எடுத்துவிடலாமா, ஒரு ஓரத்தையாவது தூக்கிவிடலாமா என்று கை போயிற்று. தொட்டால் வள்ளிநாயகிக்குத் தெரிந்துவிடும். ஏன் தொட்டாய் என்று கேட்பாள், கேட்டால் சொல்ல வேண்டிவரும். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை சேலை போன பிறகு ஒரு முட்டையை எடுத்து டார்ச்சில் காட்டினாள். உள்ளே கறுப்பாய் நிறைந்திருந்தது. பிறகு அந்தக் கறுப்பு ஒருதரம் நெளிந்தது. அன்றோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் முதல் சத்தம் கேட்டது. அவள் பெட்டியைத் திறக்கவில்லை. திறந்தால் ஈரச்சூடு போய்விடும், பாதி வந்தது தோலில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும் என்று பட்டுத் தெரிந்தவள். துளைக்கு நேரே காதை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். வடிவேலு வேலையில்லாத நாள், அவரும் ஒரு பக்கம் காதை வைத்தார்.

"நிறைய" என்றார்.

திங்கக்கிழமை மத்தியானம் மூடியைத் திறந்தபோது வலைமேல் கால் வைக்க இடமில்லாமல் மஞ்சளாய் நிறைந்திருந்தது. ஓரத்தில் நாலைந்து முட்டை மட்டும் அசையாமல் கிடந்தது. மற்றதெல்லாம் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு கத்தியது. பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கத்து அறைக்காரர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். கீழேயிருந்து மஜீது வந்தார், தன் பெட்டி தோற்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு நின்றார்.

பூவம்மாவுக்குச் சிரிக்க வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கூடை எங்கே என்று கண்ணால் தேடினாள்.

கூடைக்காகக் காத்திருக்காமல் வந்தவள் வள்ளிநாயகிதான். முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு பெட்டிக்கு முன் குந்தினாள். ஒவ்வொன்றாக எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள். கவிச்சி, தீட்டு என்ற பேச்சே இல்லை. குஞ்சுகள் சேலை மடிப்புக்குள் மூக்கை நுழைத்தன.

"கத்துது பாரு பூவு. எல்லாம் கத்துது" என்றாள். பிறகு, குரலைச் சரிசெய்துகொண்டு, "காளியம்மனுக்கு நான் நேர்ந்துக்கிட்டது வீண் போகல. நீ திங்கக்கிழமை வெச்சும் அவ கைவிடல" என்றாள்.

"ஆமா மதினி."

"என்ன ஆமா? இனிமேயாவது நாள் பாத்துச் செய்."

"எனக்குத் திங்கக்கிழமைதான் கை வருது மதினி. வெள்ளிக்கிழமை உங்களுக்கு, திங்கக்கிழமை எனக்கு."

"நல்ல பங்குதான்" என்று வள்ளிநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் மடியைக் கொட்டவில்லை.

மருதப்பன் வந்து பார்த்தார். பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் அடுத்த கூடையைக் கொண்டு வந்தார். அதற்கும் அடுத்ததை. பிறகு ஒரு பெட்டி இரண்டு பெட்டியாயிற்று. அறுபதுகளின் நடுவில் பஃபலோ ரோட்டு அறையை விட்டு அவர்கள் புக்கிட் பாஞ்சாங் போய்ச் சேர்ந்தபோது பெட்டிகளும் கூடவே போயின. பூவம்மா முதலில் வாரத்தில் இரண்டு நாள் அரைப்பதை விட்டாள், பிறகு நாலு நாள். முழுக்க விட வெகுநாள் ஆயிற்று. தோள் திரும்பி வரவில்லை. தலையை வாரிவிட வள்ளிநாயகி இருந்தாள், கடைசி வரைக்கும் இருந்தாள். ஈரச் சேலையைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லவில்லை. வடிவேலுவிடம்கூடப் பூவம்மா வாய் திறக்கவில்லை.

அதெல்லாம் பிறகு. இது அந்த முதல் நல்ல பொரிப்புக்கு மறுவாரத்து வெள்ளிக்கிழமை. பெட்டியில் புது முட்டை, திங்கக்கிழமை வைத்தது, இன்னும் வேர்கூடப் பிடித்திருக்காது. பூவம்மா மார்க்கெட்டிலிருந்து அலுத்து வந்து, சோறு வடித்துவிட்டு, பாயை விரித்தாள். அந்தி மயங்கியது. வள்ளிநாயகி துவைத்த சேலையை நாலாய் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, இது வரைக்கும் கேட்காததைக் கேட்டாள்.

"மூடட்டுமா பூவு?"

பூவம்மா தலையைத் தூக்கி அந்த முகத்தைப் பார்த்தாள். தெரிந்துதான் கேட்கிறாளா என்று அதில் எதுவும் தெரியவில்லை. விளக்கு இன்னும் ஏற்றவில்லை.

"மூடுங்க மதினி" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். திரி பற்றவைக்கிற சத்தம் கேட்பதற்குள் தூங்கிப் போனாள்.